ஏழு புள்ளி விழுந்த வேலை

கம்ப்யூட்டரை நான் முதன்முதலாகத் தொட்டது ஓய்வு பெற்ற பிறகுதான். மகன் வாங்கிக் கொடுத்தான். ஆனால் அது தன் வேலைகளை உள்ளே எப்படி வரிசை போட்டுக்கொள்கிறது என்பது அதற்குப் பதினோரு வருடம் முன்பே எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் நான் என் நாளை ஓட்டினேன். இன்று உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருப்பதும் அதனால்தான். மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் யூனிட்டில் இப்போது சுவரில் பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். எந்த வேலை முதலில், எது அடுத்து என்று அதுவே காட்டுகிறது. போன மாதம் அங்கே போயிருந்தபோது புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். “அக்கா, நீங்க பீங்கான் ஓட்டுல பென்சிலால எழுதி வச்சே மொத்த வேலையையும் ஓட்டுனீங்களாமே, நெசமா?” என்று கேட்டார்கள். நிஜம்தான். அந்தக் கதையை நின்றுகொண்டே சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் லூர்துமேரி. ஊரிலேயே பீங்கான் தொழில் டிப்ளமோ படித்தேன். வகுப்பில் நாங்கள் மூன்றே பெண்கள். படித்து முடித்த வருடமே வேலையில் சேர்ந்தேன். களிமண் அரைக்கும் மில்லில் இரண்டு வருடம், மெருகுப் பூச்சில் நான்கு வருடம், பிறகு சூளைக்கு மாற்றினார்கள். அங்கேயே தங்கிவிட்டேன். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கான் இன்சுலேட்டரும் பியூஸ் கட்டையும்தான் எங்கள் சரக்கு. பூச்சு முடிந்த சரக்கைச் சூளை வண்டியில் அடுக்கி, உள்ளே தள்ளி, கதவை மூடி, சுட்டு, ஆறவைத்து, வெளியே எடுப்பது என் பொறுப்பு. வீட்டுக்காரர் ஆரோக்கியம் ஸ்ரீமுஷ்ணம் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். ஒரே மகன்.

எனக்கு நாற்பத்தேழு வயதானபோது யூனிட்டுக்குப் புது மேனேஜர் வந்தார். முதலாளியின் மகள் தேன்மொழி. முப்பத்தொரு வயது. சென்னையில் கம்ப்யூட்டர் படித்து, அங்கேயே வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வந்துவிட்டார். களிமண்ணுக்கும் சிமெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஒரு கேள்வி கேட்பார், பதில் வரும்வரை நிற்பார். நாம் ஏதாவது சொல்லி மழுப்பினால், “ம்” என்பார், திரும்பவும் நிற்பார். அவர் அப்படி நிற்பதற்குப் பயந்தே ஆட்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். பூச்சு போடாமல் ஒரு முறை சுட்ட ஓட்டில் பென்சில் அருமையாக எழுதும். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். வந்த மூன்றாம் நாளே அதைக் கண்டுபிடித்து, கழித்துப்போட்ட ஓடுகளில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வாரம் எதுவும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலையில் ஒரு ஓட்டையும் பென்சிலையும் என் கையில் கொடுத்தார்.

“மேரிக்கா, இன்னைக்கு யாரு உங்கள கூப்பிட்டாலும் இதுல ஒரு கோடு போடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்.”

மதியம் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நாற்பத்தொரு கோடு. எனக்கே நம்ப முடியவில்லை. அன்று காலை, சூளை வண்டியில் சரக்கை அடுக்கி வைக்கும் தட்டுகளை எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரும்போது பூச்சு ரூமிலிருந்து கூப்பிட்டார்கள். போய் வந்து முதலிலிருந்து எண்ணினேன். இருபத்திரண்டில் பேக்கிங்கிலிருந்து ஆள் வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து. அறுபது தட்டை எண்ண ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

தேன்மொழி அந்த ஓட்டை வாங்கிப் பார்த்தார். முகமே மலர்ந்துவிட்டது.

“அக்கா, கம்ப்யூட்டரும் இப்படித்தான் மாட்டிக்கும்! அது நூறு வேலைய ஒரே நேரத்துல செய்யிற மாதிரி தெரியும். ஆனா ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குத் தாவிக்கிட்டேதான் இருக்கும். தாவுறதுக்கு முன்னாடி விட்ட எடத்த குறிச்சு வைக்கணும், திரும்பி வந்து அத எடுத்துப் பாக்கணும். அதுக்கே நேரம் போவும். தாவல் ரொம்ப ஜாஸ்தியாயிட்டா தாவுறது மட்டும்தான் நடக்கும். மெஷினு சூடாவும், வேலை நகராது.”

“அது மெஷினு இல்ல மேடம், நான்தான்” என்றேன்.

நான் சோம்பேறி இல்லை, மறதிக்காரி இல்லை, வயதாகிவிடவும் இல்லை. என் கோளாறுக்கு ஒரு பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது! அன்று வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன்.

மருந்து எளிது. யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. மில்லு, அச்சு அழுத்தும் பிரஸ், பூச்சு, பேக்கிங் என்று நான்கு இடத்திலும் ஒரு ஓடு தொங்கும். கேட்க வேண்டியதை அதில் எழுதவேண்டும். நான் எட்டரைக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றரைக்கு என்று மூன்று சுற்று வந்து, எல்லாவற்றுக்கும் ஒரே நடையில் பதில் சொல்லிவிடுவேன். நெருப்பு, ரத்தம், கேஸ் வாசனை, இந்த மூன்றுக்கு மட்டும் எப்போது வேண்டுமானாலும் கத்தலாம்.

முதல் நாள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். பூச்சு ரூம் பொறுப்பாளர் ரஹீம் பாய் மங்கலம்பேட்டைக்காரர், என்னைவிட மூத்தவர். அவர் சூளைப் பக்கம் வந்து, வாயைத் திறக்கப் போய், சட்டென்று மூடிக்கொண்டார். பிறகு தன் ஓட்டில் இப்படி எழுதியிருந்தார்: “தங்கச்சி, டீ குடிக்க வரலாமா? அவசரம் இல்லை.”

அன்று அறுபது தட்டையும் ஒரே மூச்சில் எண்ணினேன். வழக்கமாக ஐந்து மணிக்கு மூடுகிற சூளைக் கதவை இரண்டே காலுக்கு மூடினோம். கதவைப் பூட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தவள், அது நின்றுபோய்விட்டதோ என்று காதில் வைத்துக் கேட்டேன்.

வீட்டிலும் ஆரம்பித்தேன். அடுப்படி வாசலில் ஒரு ஓட்டைத் தொங்கவிட்டேன். “என் சட்டை எங்க”, “சாவி எங்க”, “அந்த பில்லு எங்க” எல்லாம் அதில்தான். ஆரோக்கியம் ஒரு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“என்னா மேரி, வூட்டையும் பேக்டரி ஆக்கிட்டியா?”

“எழுதிட்டுப் போங்க. ஆறு மணிக்குப் பாக்குறேன்.”

எழுத உட்கார்ந்தால் பாதிக் கேள்விக்கு அவருக்கே பதில் தெரிந்துவிடுகிறது என்று பத்தாம் நாள் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது, எந்த வேலை முதலில் என்ற கேள்வி. சின்ன வேலையை முதலில் முடி, காத்திருப்பவர்கள் எண்ணிக்கை சட்டென்று குறையும் என்றார் தேன்மொழி. செய்து பார்த்தேன். காலை பத்து மணிக்குள் ஒன்பது வேலை காலி. வேலைகளை எழுதி வைத்த என் ஓட்டில் ஒவ்வொன்றாக அடிக்கும்போது வருகிற குஷி இருக்கிறதே, அதற்காகவே சின்னச் சின்ன வேலையாகத் தேடித் தேடிச் செய்ய ஆரம்பித்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பூச்சு ரூமில் தூசி இழுக்கிற ஃபேனை மாற்றுகிற வேலை அப்படியே கிடக்கிறது. பெரிய வேலை. ஒவ்வொரு நாளும் அதைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று வந்து முன்னால் நின்றுவிடும். ரஹீம் பாய் இருமிக்கொண்டே பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்.

தேன்மொழி தலையில் கைவைத்துக்கொண்டார். “இது என் தப்புக்கா. பாதியத்தான் சொல்லிக் குடுத்தேன். கம்ப்யூட்டர் படிப்புல இதுக்குப் பேரே பட்டினிதான். ஒரு வேலைக்கு முறையே வராம அது பட்டினி கெடக்கும்.”

“அதுக்கு என்னா செய்வாங்க?”

“காத்திருக்கக் காத்திருக்க அதுக்கு வயசாவும். வயசாவ வயசாவ மரியாதையும் ஏறிக்கிட்டே போவும். ஒரு கட்டத்துல அதத் தாண்டி எதுவும் போவ முடியாது.”

அப்படிப் பிறந்ததுதான் புள்ளி. சாயங்காலம் முடியாமல் நின்றுபோன ஒவ்வொரு வேலைக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி. ஏழு புள்ளி விழுந்துவிட்டால் மறுநாள் காலை அதுதான் முதல் வேலை. முதலாளியே வந்து நின்றாலும் அதற்கு மேல் எதையும் எழுத முடியாது. ஃபேன் அடுத்த வாரமே மாறியது. அதற்குப் பிறகு நான்தான் அந்த விதிக்குக் காவல்காரி. யார் கெஞ்சினாலும் விடமாட்டேன்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. என் வேலைக் காலத்திலேயே சந்தோஷமான இரண்டு வருடம் அது. மகனின் பள்ளி விழாவுக்கு முதல் முறையாக, பாதியில் ஓடிப் போய் நிற்காமல், ஆரம்பத்திலிருந்தே உட்கார்ந்து பார்த்தேன்.

பிறகு அந்தப் புயல் வருடம். கடற்கரைப் பக்கம் மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்துவிட்டன. ஊர் ஊராக இருட்டு. உடைந்த இன்சுலேட்டர்களுக்குப் பதிலாக எங்களிடமும் பெரிய ஆர்டர் வந்தது. வாரத்துக்கு இரண்டு சூளை போதாது, மூன்று போட வேண்டும். நாங்கள் அனுப்புகிற ஒவ்வொரு லாரியும் எங்கோ ஒரு தெருவில் விளக்காக எரியும் என்று நினைத்தால் கால் வலியே தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு காலையில் குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு. வலியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. யூனிட்டுக்கு வந்ததும் ஓட்டில் கடைசி வரியில் ‘சொ.வே.’ என்று எழுதினேன். சொந்த வேலை.

ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு புள்ளி. ஆறு புள்ளி விழுந்த அன்று ஓட்டைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். மறுநாள் அது முதல் வரிக்கு வந்தாக வேண்டும். ஈரத் துணியை எடுத்து அந்த வரியை மட்டும் துடைத்தேன். காய்ந்ததும் திரும்ப ‘சொ.வே.’ என்று எழுதினேன். புள்ளி இல்லாமல், புதிதாக. ஊருக்கெல்லாம் காவல் காத்த நான் செய்தேன் இதை. ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. ஆர்டர் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆர்டர் ஒரு சாக்கு. பயம்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை. அன்று மூன்றாவது லாரிக்கான சூளை ஏற்ற வேண்டும். வண்டி அடுக்குவதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும். தட்டுக்கு அலுமினா பூச்சு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு உருப்படியின் அடியிலும் மெருகைத் துடைத்தெடுக்க வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் இடைவெளி. ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் போகும்போது மெருகு உருகித் தேன் மாதிரி ஆகிவிடும். இரண்டு உருப்படி தொட்டுக்கொண்டால் பிறகு உடைத்துத்தான் பிரிக்க முடியும். நெருப்பு எந்த மூலையில் வேகமாக அடிக்கும், எங்கே கனமானதை வைக்க வேண்டும் என்பதெல்லாம் என் கைக்குத்தான் தெரியும். வேறு யாரும் கற்றுக்கொள்ள நான் இடம் கொடுத்ததில்லை.

தட்டுக்குப் பூச்சு கொடுத்துக்கொண்டிருந்தேன். தேன்மொழி பக்கத்தில் வந்து நின்றார். ஒரு கையில் என் ஓடு, இன்னொரு கையில் அவருடைய நோட்டு. சனிக்கிழமைதோறும் எல்லா ஓட்டையும் அவர் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது எனக்குத் தெரியும். துடைத்து எழுதியபோது ஏனோ அது நினைவுக்கு வரவில்லை.

“மேரிக்கா, இந்த சொ.வே. நாலு சனிக்கிழமையா என் நோட்டுல இருக்குது. ஓட்டுல மட்டும் நேத்துப் பொறந்த மாதிரி இருக்குது. எப்படி?”

“அது... அழிஞ்சு போயிருக்கும் மேடம்.”

“ம்” என்றார். நின்றார்.

நான் பிரஷ்ஷை வாளியில் விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

“என்னா வேலைன்னு நான் கேக்கல. அது உங்க சொந்த விஷயம். ஆனா புள்ளிக் கணக்குப்படி அதுதான் இன்னைக்கு மொத வேலை. நீங்க போட்ட சட்டம்தான்.”

“இன்னைக்கு வண்டி ஏத்தணும் மேடம். லாரி வருது. எத்தன ஊரு இருட்டுல கெடக்குது.”

“அக்கா.” அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நின்றுகொண்டே இருந்தார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. கை முழுக்க வெள்ளைப் பூச்சோடு அழுதுவிட்டேன். சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துப் போனது. ஆனால் குரல் மாறவில்லை. கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, ஓட்டின் முதல் வரியில் ‘மேரிக்கா – டாக்டர்’ என்று எழுதினார். அதன் கீழே, ‘வண்டி ஏற்றுவது – ரஹீம் பாய்.’

“பாய்க்குத் தெரியாது மேடம். சரக்கு ஒட்டிக்கும்.”

“ஒட்டட்டும்.”

“லாரி?”

“பாதி லோடு போவட்டும். கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க கை கழுவுங்க, என் வண்டியில போறோம்.”

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். வழியில் ஆரோக்கியத்துக்குப் போன் செய்தேன். டிரிப்பை வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு, எங்களுக்குப் பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பரிசோதனை முடிவு வர ஐந்து நாள். புற்றுநோய்தான். ஆனால் டாக்டரம்மா படத்தைக் காட்டி, “சின்னதாதான் இருக்கு, வேற எங்கயும் பரவல. நல்ல நேரத்துல வந்துட்டீங்க” என்றார். ஆரோக்கியம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. நான் அழவில்லை. ஐந்தாவது முறையும் அந்த வரியைத் துடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன்.

அந்தத் திங்கட்கிழமைச் சூளையில் மூன்றில் ஒரு பங்கு சரக்கு ஒட்டிக்கொண்டது. ரஹீம் பாய் ஆபரேஷன் முடிந்த என்னைப் பார்க்க வந்து, கட்டில் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“மன்னிச்சுக்க தங்கச்சி. மேல் தட்டு பூரா போச்சு.”

கூட வந்திருந்த தேன்மொழி, “போனா போவட்டும் பாய், அந்த மண்ண கரைச்சுத் திரும்பச் செஞ்சுக்கலாம்” என்றார்.

நானும் பாயும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். “சுட்டது எப்படி மேடம் மண்ணாவும்?” தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். இரண்டு வருடமாக எனக்குப் பாடம் நடத்தியவருக்கு நான் கொடுக்க ஒரு பாடம் மிச்சம் இருந்திருக்கிறது.

அடுத்த சில மாதங்கள் சிகிச்சை. முடி கொட்டியது, நாக்கு செத்துப்போனது. ஆனால் உட்கார முடிந்த நாட்களில் ஒரு வேலை நடந்தது. பாய் போன் செய்வார். நான் கண்ணை மூடிக்கொண்டு வண்டியைக் கற்பனையில் அடுக்குவேன். “அடித்தட்டுல கதவோரமா கனமானது. அதுக்கு மேல தட்டு தாங்குற தூணு. இல்ல பாய், ரெண்டு விரலு, அந்த மூலையில நெருப்பு ஜாஸ்தி.” அவர் தட்டு தட்டாகப் படம் வரைந்தார். என் கைக்கு மட்டும் தெரிந்திருந்தது முழுக்கத் தாளுக்கு வந்துவிட்டது. நான்காவது சூளையில் ஒரு உருப்படிகூட ஒட்டவில்லை. பாய் போனில் கத்திய கத்தலில் என் மகன் பயந்து ஓடி வந்தான். புயல் ஆர்டரின் கடைசி லாரி நான் இல்லாமலேயே போனது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

எட்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். பேக்கிங்கில் பதினான்கு பெண்கள். அவர்களை உட்காரவைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன், துடைத்து எழுதியதையும் சேர்த்து. பிறகு கம்மாபுரம் பக்கத்திலிருந்து வருகிற அஞ்சலை மெதுவாகச் சொன்னாள்: “எனக்கும் ஒரு சொ.வே. இருக்குதுக்கா. மூணு வருஷமா.” அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக. ஒருத்திக்கு ரத்தப்போக்கு, ஒருத்திக்குக் கண் மங்கல், ஒருத்திக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. பதினான்கு பேரில் ஒன்பது பேர்.

நேராகத் தேன்மொழியிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு நோட்டைப் புரட்டினார். சட்டென்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“அக்கா, சூளை ஆறுற நாளு!”

சுட்டு முடித்த சூளை ஆற முழுசாக ஒரு நாள் வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் அத்தனையும் வெடித்துவிடும். அந்த நாளில் பேக்கிங்கில் ஒரு வேலையும் இருக்காது. துணி மடிப்பது, தரை கூட்டுவது என்று பொழுதைத் தள்ளுவார்கள்.

“ஒண்ணு காத்திருக்கிறப்ப கம்ப்யூட்டர் சும்மா நிக்காதுக்கா. அந்த நேரத்துல இன்னொண்ண ஓட்டிரும். இத நான் எப்படி இவ்ளோ நாளா யோசிக்கல?”

அடுத்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு யூனிட் வாசலில் வேன் வந்து நின்றது. ஆரோக்கியம் லீவு போட்டுவிட்டு அவரே ஓட்ட வந்திருந்தார். பதினான்கு பேரும் நல்ல புடவை, தலை நிறையப் பூ. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கத்திக்கொண்டு ஏறினார்கள். பண்ருட்டி தாண்டுவதற்குள் கட்டிக்கொண்டு வந்த சோறு காலி. ஆஸ்பத்திரியில் ஒவ்வொருத்தி உள்ளே போகும்போதும் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வெளியே வந்து தலையாட்டியதும் திரும்ப ஆரம்பிக்கும். சாயங்காலம் கடற்கரையில் நடந்துவிட்டுத் திரும்பினோம்.

முடிவுகள் வந்தன. நான்கு பேருக்குச் சர்க்கரை. ஒருத்திக்குக் கண் ஆபரேஷன். அஞ்சலைக்குக் கர்ப்பப்பை வாயில் ஆரம்ப நிலையில் ஒரு மாற்றம். சின்ன சிகிச்சையிலேயே எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

அதற்குப் பிறகு வருடா வருடம் ஒரு ஆறுகிற நாள் அதற்கென்றே ஆயிற்று. நான் இன்னும் எட்டு வருடம் வேலை பார்த்து, ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றேன்.

இதை எழுதி முடிப்பதற்கு முன்னால், பெயர் போடலாமா என்று கேட்க இன்று காலை அஞ்சலைக்குப் போன் செய்தேன். பின்னால் பேக்கிங்கில் ஒரே இரைச்சல்.

“போட்டுக்குங்கக்கா, எனக்கென்னா! இப்பதான் சூளை தொறந்துருக்காங்க, தலைக்கு மேல சரக்கு கெடக்குது. மூணரைக்கு மேல கூப்பிடுங்க” என்று வைத்துவிட்டாள்.